பின்பக்கம் துள்ளும் வண்டி

எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் பட்டறை இருக்கிறது. டயருக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று, லாரிகளுக்குப் பட்டை அடிக்க ஒன்று, கண்ணாடி மாட்ட ஒன்று. மூளைக்கு மட்டும் இல்லை. இருந்திருந்தால் முதல் ஆளாக எதிர்வீட்டு மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டிருப்பேன். இரண்டாவதாக யாரை விடுவது என்பதில்தான் குழப்பம் வந்திருக்கும், அவ்வளவு போட்டி இந்தத் தெருவில்.

நான் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவள். வீட்டுக்காரர் இருந்தபோது அவர் வெட்டுவார், நான் தைப்பேன். இப்போது இரண்டும் நானே. மிஷினைக் கடை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன், வெளிச்சத்துக்காக. அதனால் எதிர்வீட்டில் நடப்பது எல்லாம் நான் வேண்டாம் என்றாலும் கண்ணில் விழும்.

அந்த வீட்டுப் பெரியவர் வாடகைக் கார் ஓட்டியே காலத்தைத் தள்ளியவர். வண்டி சொந்த வண்டி. அரதப் பழசு, ஆனால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். அவருக்கு ஒரே மகள். அவளும் அதே காரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவள்தான். வளைவில் அவள் வண்டியைத் திருப்பினால் பின்னால் தூங்குகிற பிள்ளை விழிக்காது. கல்யாணம் ஆயிற்று, சாவி கை மாறிற்று. ஆம்பளை வீட்டில் இருக்கும்போது பொம்பளை ஓட்டினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றான் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. நாலு பேர் யார் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவரும் கேட்கவில்லை, அதை நான் மறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு பெயிண்ட் கம்பெனியில் சரக்கு விற்கிற வேலை. அவன் கார் ஓட்டும் அழகைப் பார்த்துத் தெரு அவனுக்கு 'பைலட்' என்று பெயர் வைத்தது. அவன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டான். திரும்பிப் பார்த்துச் சிரிப்பான் வேறு.

பெரியவர் ஒருநாள் கார் கழுவும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதோடு முடியவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் போய்க் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும். விட்டால் தசை இறுகிவிடும், அப்புறம் நடை கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்கு அப்போது இருந்த கவலை அது ஒன்றுதான், அவர் எழுந்து நடப்பாரா மாட்டாரா.

ஆஸ்பத்திரிக்குப் போகிற மேட்டுச் சாலை வளைந்து வளைந்து ஏறும். ஒருநாள் பைலட் மாமனாரைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு ஏறும்போது ஒரு தண்ணீர் லாரி அவனை முந்திக்கொண்டு போயிற்று. போகிற போக்கில் அந்த டிரைவர் சிரித்தானாம். அவ்வளவுதான் நடந்தது. நாலு பேருக்கு எதிரே முகத்தில் காறித் துப்பினது மாதிரி இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரமே விபத்தில் நொறுங்கிய ஒரு வேனில் இருந்து கழற்றிய பெரிய இஞ்சின் எதிர்வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

"எதுக்குத் தம்பி இது?" என்றேன்.

"மாமாவை சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான்க்கா. வழியில ரொம்ப நேரம் ஆகுது, பாவம் அவருக்கு வலிக்குது."

மாமா மேல் அவ்வளவு பாசம். அந்தப் பாசம் மாமாவின் காலைப் பிடித்துவிட வராது, மலச்சட்டியைக் கழுவ வராது, கஞ்சி ஊட்ட வராது. இஞ்சினாக மட்டும்தான் வரும்.

மெக்கானிக் இஞ்சினை மாற்றிக் கொடுத்தான். அவனுக்கு 'வாய்ப்பூட்டு' என்று பெயர். ஸ்பேனரோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதரோடு பேச மாட்டான். வண்டி உறுமிக்கொண்டு தெருவை விட்டுப் போனது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடவென்று உதறியது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, கண் எல்லாம் புகையின் மேல்.

இரண்டு நாள் கழித்துப் பைலட் என் கடைக்கு வந்தான்.

"அக்கா, பின்சீட்டுக்கு நல்லா தடியா ஸ்பாஞ்ச் வச்சுத் தைக்கணும்."

"போன வருஷம்தானே தைச்சேன். அமுங்கக்கூட இல்லையே."

"மாமா குதிக்குதுங்கறாரு."

"மாமா குதிக்கிறாரா, வண்டி குதிக்குதா?"

"அவருக்கு வயசாயிடுச்சுக்கா. சின்னதா ஆடினாலும் பெருசாத் தெரியுது."

"நீ பின்னாடி உக்காந்து பாத்தியா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நான் எதுக்குக்கா பின்னாடி உக்காரணும்? வண்டி ஓட்டுறதே நான்தானே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பெரியவர் இப்போது மெத்தென்று குதித்தார், வேறு வித்தியாசம் இல்லை.

அப்புறம் விஷயம் டீக்கடைக்குப் போயிற்று. இந்தத் தெருவில் ஒரு விஷயம் டீக்கடைக்குப் போனால் அது உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. பைலட் நடுவில் உட்கார்ந்திருந்தான். பட்டைக்காரர் ஒரு கையில் ரொட்டியும் ஒரு கையில் டீயுமாக நீதிபதி போல இருந்தார்.

"பின்னாடி தடதடங்குதா?"

"ஆமாண்ணே. வளைவுல மிதிச்சா வேற லேசா ஒதுங்குது."

"ஒரு பட்டை ஏத்து."

எங்கள் தெரு லாரித் தெரு. லாரிக்குப் பின்னால் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள், அதன் மேல்தான் பாரம் உட்காரும். லாரி பின்னால் தாழ்ந்தால் ஒரு பட்டை ஏற்றுவார்கள். ஆடினால் ஒரு பட்டை. சாய்ந்தால் ஒரு பட்டை. இவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாலும் ஒரு பட்டை ஏற்றச் சொல்வார்கள்.

"இது காருண்ணே," என்றான் டயர்க்கடைக்காரன்.

"காருக்குப் பின்னாடி என்ன, பூவா கட்டியிருக்கு? அதுவும் பட்டைதானே?"

கூட்டம் தலையாட்டியது. பட்டை ஏறியது. வண்டி பின்னால் நிமிர்ந்து நின்றது, யாரோ அடிக்கப் போகிற பூனை மாதிரி. முன்னைவிட மோசமாகத் துள்ளியது. இன்னொரு பட்டை ஏற்றினார்கள். அதன் பிறகும் வால் ஒதுங்குகிறது என்றான் பைலட். "பின்னாடி கனம் பத்தல" என்று கண்டுபிடித்தான் டயர்க்கடைக்காரன். டிக்கியில் இரண்டு மூட்டை மணல் போட்டார்கள். ஒருத்தன்கூட அடியில் குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் சட்டை அழுக்காகிவிடும் போலிருக்கிறது, அத்தனை பேரும் கரி பூசிய சட்டைக்காரர்கள்தான்.

ஒருநாள் மகளுக்கு வேலை இருந்தது. பெரியவருக்குத் துணையாக நான் போனேன். காலையில் இருந்தே தூறல். பெரியவர் சீட்டில் பாதி சாய்ந்து, மேலே தொங்குகிற வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் அவர் காலடியில் ஒரு தலையணையை அண்டக் கொடுத்தேன்.

"கெட்டியாப் புடிச்சுக்கம்மா," என்றார்.

"எதுக்குப் பெரியப்பா?"

"மேடு வந்தா தெரியும்."

தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலை கூரையில் இடித்தது. கீழே விழும்போது பெரியவர் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. முன்னால் பைலட் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். மூன்றாவது வளைவில் ஒரு வேனை முந்த மிதித்தான். பின்பக்கம் சாலையை விட்டு எழும்பினது, அப்படியே பக்கவாட்டில் போயிற்று. ஜன்னலில் சாலை தெரியவில்லை, பள்ளத்தாக்கு தெரிந்தது. என்ன செய்தானோ, வண்டி நேரானது. பெரியவர் சீட்டில் இருந்து நழுவி இடுப்பு அடிபட என் மேல் விழுந்தார். அந்த மனிதர் அலறியதை நான் அதுவரை கேட்டதில்லை.

"பாத்தீங்களா, எப்படிப் புடிச்சு நிறுத்துனேன்," என்றான் பைலட்.

பளார் என்று விடலாம் என்று கை எழுந்தது. பெரியவரைத் தாங்கிக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

அன்றோடு பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். கால் போனாலும் போகட்டும், அந்த சீட்டில் ஏற மாட்டேன் என்றார். வேறு வாடகை வண்டி வைக்கலாம் என்று மகள் சொன்னதற்கு வீட்டில் இருந்த இரண்டு ஆம்பளைகளும் அதிசயமாக ஒரே பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "வீட்டுல காரை வச்சுக்கிட்டு வாடகை வண்டியா, சிரிப்பாங்க" என்றான் மாப்பிள்ளை. "என் வண்டி நிக்கறப்ப இன்னொருத்தன் வண்டியில ஏறுவேனா" என்றார் மாமனார். மானம் இருவருக்கும் அவ்வளவு கூர்மை. கால் யாருடையது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். நாள் போகப் போக அவர் கட்டிலை விட்டு எழுவதே குறைந்தது. காலை மடக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும்.

ஒருநாள் மகள் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, மெக்கானிக் கிட்ட வர்றீங்களா? தனியாப் போனா பேச மாட்டான்."

"ரெண்டு பேராப் போனாலும் பேச மாட்டான். வா."

வாய்ப்பூட்டு ஒரு வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தான். கால் மட்டும் தெரிந்தது. மகள் அந்தக் காலைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க வண்டி ஏன் இப்படித் துள்ளுது?"

ஸ்பேனர் சத்தத்துக்கு நடுவே உள்ளே இருந்தே குரல் வந்தது.

"இழுவை கூடிடுச்சு பாப்பா. இஞ்சின் இழுக்கற இழுப்புல பின் அச்சு முறுக்கும். பட்டை அந்த முறுக்கைத் தாங்காம நெளிஞ்சு நெளிஞ்சு நிமிரும். அதான் தடதடங்குது."

"அதுக்குப் பட்டை ஏத்தினா?"

"தப்பு. பின்பக்கம் கட்டையாயிடும். பள்ளத்துல டயர் ரோட்டை விட்டு எழும்பும். எழும்பின டயர் எதைப் புடிக்கும்? அந்த நேரம் பாத்து மிதிச்சா வால் வீசும்."

"மணல் மூட்டை?"

"வீச ஆரம்பிச்சா நிக்காது. அந்தக் கனமே தள்ளிட்டுப் போயிடும்."

"அப்ப என்னதான் செய்யணும்?"

"ஏத்தின பட்டையை எறக்கணும். அச்சு முறுக்காம ரெண்டு பக்கமும் அச்சுக்கும் வண்டியோட அடிச்சட்டத்துக்கும் ஒரு தண்டு புடிச்சு விடணும். ஷாக் அப்சர்வர் ரெண்டும் செத்துப் போச்சு, எண்ணெய் ஒழுகித் தூசி அப்பிக் கிடக்கு. பட்டை மாட்டுற இடத்து ரப்பர் புஷ் எல்லாம் பொடிஞ்சு போச்சு. மாத்தணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

அவன் வெளியே வந்து உட்கார்ந்தான். கையைத் துணியில் துடைத்தான்.

"இஞ்சின் மாத்தறப்பவே மாப்பிள்ளைகிட்ட சொன்னேன்க்கா. 'உன்னை யாரு கேட்டா, இஞ்சினை மட்டும் பாரு'ன்னாரு. இஞ்சினை மட்டும் பாத்தேன்."

"அதுல எங்கப்பா போறாருன்னு தெரியும்ல?" என்றாள் மகள்.

அவன் ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்டயா?" அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "வண்டி விஷயத்தைப் போய் உங்கிட்ட எப்படி பாப்பா பேசறது?"

அவள் அந்த வண்டியை வருஷக்கணக்காக ஓட்டியபோது எண்ணெய் மாற்றிக் கொடுத்தவன் இவன்தான். மறந்துவிட்டான். இல்லை, மறக்கவில்லை, அப்போதும் அவளோடு பேசாமல் அவள் அப்பாவோடுதான் பேசியிருப்பான். இந்த ஜன்மத்தை நான் இவ்வளவு நாள் விஷயம் தெரிந்தவன் என்று நினைத்து மரியாதையாக நடத்தியிருக்கிறேன்.

சாயங்காலம் பைலட் வந்ததும் மகள் வாசலிலேயே நின்று சொன்னாள். பட்டை, தண்டு, ஷாக் அப்சர்வர் எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சிரித்தான்.

"உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது? வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியாதா, நான்தானே ஓட்டுறேன்."

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"இன்னைக்கு நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால்தான் அவன் மறுக்கவில்லை. பயந்துவிட்டான் என்று சொல்லிவிடுவார்களே. கையை வீசிக்கொண்டு போய்ப் பின்சீட்டில், பெரியவர் படுக்கிற இடத்தில் உட்கார்ந்தான். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எனக்கும் அந்தத் தெருவின் புத்திதானே.

அவள் மேட்டுச் சாலை வரைக்கும் நிதானமாக ஓட்டினாள். அங்கிருந்து மிதித்தாள். அவன் ஓட்டும்போது வேகம் காட்டுகிற முள் எங்கே நிற்குமோ அங்கேயே வைத்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் பள்ளத்தில் பின்னால் டொங் என்று கேட்டது.

"ஏய், பாத்து."

அடுத்த பள்ளத்தில் மறுபடி டொங்.

"தலை இடிக்குது. மெதுவாப் போ."

"நீங்க போற வேகம்தாங்க இது."

எதிரே வண்டி எதுவும் இல்லாத அகலமான வளைவாகப் பார்த்து அவள் உள்ளே மிதித்தாள். வால் வீசியது. பின்னால் இருந்து வந்த சத்தம் ஆம்பளைச் சத்தமா பொம்பளைச் சத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, காலை மெல்ல எடுத்து, வண்டியை நேராக்கிவிட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் சீட்டை நகத்தால் கிழித்துவிட்டேன், நானே தைத்த சீட்டை.

வண்டி நின்றதும் அவன் கதவைத் திறந்து சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தான். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் டீக்கடையில் பேசினான். "நானே பின்னாடி உக்காந்து சோதனை பண்ணிப் பாத்தேன்ணே. பட்டை ஏத்தினது தப்பு. அச்சு முறுக்குது, அதுக்குத் தண்டு புடிக்கணும்." பட்டைக்காரர், "அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றார். இவர்களை ஒரே மூட்டையில் கட்டி ஆற்றில் போட்டால்கூட ஆறுதான் பாவம்.

வேலை சுலபமாக முடியவில்லை. ஷாக் அப்சர்வர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது, முதலில் வந்தது வேறு வண்டிக்கு. மறுபடி அனுப்பி மறுபடி காத்திருந்தார்கள். வாய்ப்பூட்டு துருவேறிய போல்ட்டுகளைச் சூடுகாட்டிக் கழற்றினான், தண்டுகளை அளந்து வெட்டிப் பற்றவைத்தான். மகள் கூடவே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் இப்போது அவளுக்குப் பதில் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். அவளே ஓட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் பின்பக்கம் இறங்கி ஒரே மூச்சில் அமர்ந்தது. வளைவில் மிதித்தாலும் வால் அசையவில்லை. வண்டி நன்றாகத்தான் வந்திருந்தது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பெரியவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் ஓட்டினாள். பைலட் முன்னால் உட்கார்ந்தான், நான் பெரியவரோடு பின்னால். முதல் பள்ளம் வரைக்கும் அவர் வாரைப் பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் அவர் காலை எடுத்து மடக்கினாள். பாதியில் நின்றது. இன்னொரு தடவை முயன்றாள். பெரியவரின் நெற்றியில் வேர்வை வந்ததுதான் மிச்சம்.

"இத்தனை நாள் ஏன் கூட்டிட்டு வரல?"

பைலட் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடப்பாரா?" என்றாள் மகள்.

"ஒரு ஆள் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும். தனியா நடக்கறது இனிமே கஷ்டம்மா. வர வேண்டிய நேரத்துல வந்திருந்தா நல்லா நடந்திருப்பாரு."

மகள் அப்பாவை என்னோடு சேர்ந்து தூக்கி சீட்டில் வைத்தாள். காலுக்குத் தலையணை கொடுத்தாள். வண்டியை எடுத்தாள்.

மேட்டில் ஏறும்போது காற்று நன்றாக அடித்தது. பெரியவர் கண்ணை மூடியிருந்தார், ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். முதல் வளைவு போயிற்று, இரண்டாவது போயிற்று. வண்டி சாலையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பைலட்டால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. திரும்பிப் பெரியவரைப் பார்த்துச் சொன்னான்.

"பாத்தீங்களா மாமா, எப்படி நிக்குதுன்னு. பின்பக்கம் இவ்வளவு நல்லாப் புடிக்கறப்ப, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தலாம்."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"இறங்குங்க."

"என்னாச்சு?"

"பின்னாடி ஏதோ சத்தம் கேக்குது. இறங்கிப் பாருங்க."

அவன் இறங்கிப் பின்னால் போனான். வண்டிக்கு அடியில் என்றைக்கும் குனிந்து பார்க்காதவன் அன்றைக்குக் குனிந்தான். அவள் கையை நீட்டி அவன் பக்கத்துக் கதவைச் சாத்தினாள், பிரேக்கை விட்டாள், வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் அவன் கையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி வருவது தெரிந்தது. வளைவு வந்ததும் மறைந்துவிட்டான்.

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா, அவரை விட்டுட்டு வந்துட்டே?"

"நடந்து வரட்டும்ப்பா. அவருக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே."